கண்ணால பாத்து குண்டுன்னு சொல்லாதீங்க, அளந்து பாருங்க

ஜூன்ல ஸ்கூல் தொறந்து புக்கு நோட்டு குடுத்து முடிச்ச கையோட எல்லா ஸ்கூல்லயும் நடக்குற வேலை ஒன்னு இருக்கு, உயரம் எடை எடுக்குறது. மொத்த ஸ்கூலையும் வரிசைல நிக்க வெச்சு மளமளன்னு எடுத்து ரெக்கார்டுல ஏத்தி பீரோவுல வெச்சுட்டா அதோட சரி, அடுத்த ஜூன் வரைக்கும் அத யாரும் தொறந்து பாக்க மாட்டாங்க. நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துல பி.டி. மாஸ்டரா இருக்கேன், அதுக்கு முன்னாடி தர்மபுரி பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல இருந்தேன், ரெண்டு எடத்துலயும் இந்த வேலை என் தலைலதான் விழுந்துச்சு. அதனால எடுக்குற நம்பர வெச்சு உருப்படியா என்ன பண்ணலாம்னு கொஞ்சம் கொஞ்சமா படிச்சு, டாக்டருங்க கிட்ட கேட்டு, ஸ்கூல்லயே செஞ்சு பாத்து தெரிஞ்சுகிட்டத எழுதுறேன். டீச்சருங்களுக்கும் உதவும், வீட்ல புள்ளைங்க வெச்சிருக்கவங்களுக்கும் உதவும்.

மொதல்ல ஒன்னு. ஒரு கிளாஸ்ல போய் நின்னு யாருக்கு எடை ஜாஸ்தின்னு கேட்டா எல்லாரும் ஒரே பையனத்தான் கை காட்டுவாங்க. அவன் ஜாஸ்திதான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா அதே பெஞ்ச்ல இன்னும் ரெண்டு மூணு பேரு எடை கூடுதல்ங்குற கோட்ட தாண்டியிருப்பாங்க, அவங்கள யாரும் சொல்ல மாட்டாங்க. ஏன்னா நம்ம கண்ணுக்கு அவங்க பூசினாப்ல இருக்காங்க, நல்லா இருக்காங்க, வீட்ல கேட்டா "இப்பதான் சார் ஒடம்பு புடிச்சிருக்கு"ன்னு சந்தோஷமா சொல்லுவாங்க. கண்ணு பழகிப் போச்சு, அவ்ளோதான்.

எங்க அஞ்சாம் கிளாஸ்ல ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்கும் பத்து வயசு, ரெண்டு பேரும் 36 கிலோ. ஒருத்தன் உயரம் 140 சென்டிமீட்டர், இன்னொருத்தன் 128. பிஎம்ஐன்னா உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு பாக்குற கணக்கு, எடைய கிலோல எடுத்து, உயரத்த மீட்டர்ல எடுத்து அதையே அதால பெருக்கி, அந்த நம்பரால எடைய வகுக்கணும். மொத பையனுக்கு 36ஐ 1.96ஆல வகுத்தா 18.4 வருது. ரெண்டாவது பையனுக்கு 36ஐ 1.64ஆல வகுத்தா 22 வருது. உலக சுகாதார நிறுவனம் 5 வயசுலேந்து 19 வயசு வரைக்கும் 2007ல போட்ட அட்டவணைல பத்து வயசு பையனுக்கு 18.5 தாண்டினா எடை கூடுதல், 21.4 தாண்டினா உடல் பருமன். அதாவது ஒரே வயசு, ஒரே எடை, ஒருத்தன் நார்மல், இன்னொருத்தன் பருமன்ல இருக்கான். ஆனா ஸ்கூல் முழுக்க கேட்டா அந்த 128 சென்டிமீட்டர் பையன "குட்டையா கும்முன்னு இருக்கான்"ன்னு கொஞ்சுவாங்களே தவிர அவனுக்கு எடை ஜாஸ்தின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எடை மட்டும் பாத்தீங்கன்னா 36 கிலோ பத்து வயசுக்கு ஒன்னும் பயங்கரம் கெடையாது, உயரத்தோட சேத்து பாத்தாதான் தெரியுது.

இன்னொரு விஷயம், இத எனக்கு சொன்னது ஒரு குழந்தைங்க டாக்டர்தான். சும்மா ஜாஸ்தி சாப்ட்டு எடை ஏறுற புள்ளைங்க பெரும்பாலும் அவங்க வயசுக்கு உயரமாவும் இருப்பாங்க. எடையும் ஜாஸ்தி, உயரமும் வயசுக்கு கம்மி, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் உயரம் பெருசா ஏறலன்னா அத தைராய்டு மாதிரி எதாவது இருக்கான்னு பாக்க டாக்டர் கிட்ட அனுப்பணும், வீட்ல சோத்த கொறச்சு பாக்குற விஷயம் இல்ல அது. அந்த 128 சென்டிமீட்டர் பையன நாங்க டாக்டர் கிட்ட அனுப்பினது அதுக்குத்தான்.

இப்ப பெரிய குழப்பத்துக்கு வரேன். போன்ல பிஎம்ஐன்னு அடிச்சா வர்றது எல்லாம் பெரியவங்க கணக்கு, 18.5க்கு கீழ ஒல்லி, 25க்கு மேல எடை கூடுதல்னு. அத புள்ளைங்களுக்கு போடவே கூடாது. ஒரு தடவ வெளில இருந்து ஒரு கேம்ப் வந்தாங்க, யாருன்னு வேணாம், பேனர் எல்லாம் கட்டி ஜோரா பண்ணாங்க, கடைசில எல்லா புள்ளைக்கும் ஒரு அட்டை குடுத்தாங்க. பாத்தா நாலாங்கிளாஸ் அஞ்சாங்கிளாஸ்ல முக்கால்வாசி பேருக்கு "எடை குறைவு"ன்னு இருக்கு, நான் மேல சொன்ன 22 பையனுக்கு "நார்மல்"னு இருக்கு. பெரியவங்க அட்டவணைய வெச்சு அடிச்சிருக்காங்க! பத்து வயசு பையனுக்கு நடுவாந்தரமான பிஎம்ஐயே 16.4தான், அத போய் எடை குறைவுன்னு எழுதி குடுத்தா அந்த அம்மா என்ன பண்ணும், மறுநாளே டப்பால வர்ற சத்து மாவு, பால் பவுடர் எல்லாம் வாங்கி கரைச்சு குடுக்கும். நல்லா இருக்குற புள்ளைய இப்படித்தான் ஏத்தி விடுறோம். ஹெட்மாஸ்டர் கிட்ட சொல்லி அந்த அட்டைய திருப்பி வாங்குறதுக்குள்ள பாதி வீட்டுக்கு போயிடுச்சு.

புள்ளைங்களுக்கு வயசு மாற மாற, ஆணா பொண்ணான்னு பொறுத்து கோடும் மாறும். பதிமூணு வயசு பையனுக்கு 20.8 தாண்டினா எடை கூடுதல், 24.8 தாண்டினா பருமன், அதே வயசு பொண்ணுக்கு 21.8, 26.2. மனப்பாடம் பண்ண வேணாம், அட்டவணை ஃப்ரீயா கெடைக்குது, ஆந்த்ரோபிளஸ்னு உலக சுகாதார நிறுவனமே ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்கு, பொறந்த தேதி உயரம் எடை போட்டா அதுவே சொல்லிடும். நம்ம நாட்டு குழந்தை மருத்துவர்கள் சங்கம், ஐஏபின்னு சொல்றது, அவங்க 2015ல போட்ட சார்ட்டும் இருக்கு, 5லேந்து 18 வயசு வரைக்கும். அதுல பெரியவனானா பிஎம்ஐ 23ல போய் நிக்கும், 27ல போய் நிக்கும்னு ரெண்டு கோடு போட்டிருப்பாங்க, மொதலது எடை கூடுதல், ரெண்டாவது பருமன், நம்ம ஆளுங்களுக்கு சக்கர வியாதி எல்லாம் சீக்கிரமே வந்துடுதுன்னு கோட்ட கொஞ்சம் கீழயே வெச்சிருக்காங்க. எந்த சார்ட் எடுக்குறீங்களோ அதையே வருஷா வருஷம் வெச்சுக்கங்க, ஒரு வருஷம் இது ஒரு வருஷம் அதுன்னு மாத்தினா புள்ள மாறலன்னாலும் ரிசல்ட் மாறும்.

சரி, அளக்குறதுக்கு வரேன், இங்கதான் பாதி வேலை. உயரத்துல தப்பு பண்ணா பிஎம்ஐல அது டபுளா அடிக்கும், ஏன்னா உயரத்த ரெண்டு தடவ பெருக்குறோம். நம்ம ஸ்கூல்ல உயரம் எப்படி எடுப்பாங்க, செவுத்துல பெயிண்ட்ல கோடு போட்டு வெச்சிருப்பாங்க, புள்ள ஷூவோட வந்து நிக்கும், ஒரு டீச்சர் ஸ்கேல தலைல வெச்சு குத்துமதிப்பா சொல்லும். பொண்ணுங்களுக்கு ரெட்டை ஜடை, அத மடிச்சு ரிப்பன் கட்டி, திங்கக்கெழமன்னா பூ வேற. ஜடைய உச்சி மேல தூக்கி கட்டியிருந்தா ஸ்கேல் தலைல படாது, ஜடைலதான் படும், பின்னாடி தடிச்சு இருந்தா தலை செவுத்துல ஒட்டாது, கழுத்து முன்னாடி வரும். ஷூ அடி ஒன்னரை ரெண்டு சென்டிமீட்டர், முடி ஒரு சென்டிமீட்டர், மூணு போச்சா. ஏழாங்கிளாஸ் பொண்ணு, பன்னெண்டு வயசு, 44 கிலோ, நெஜ உயரம் 144ன்னா பிஎம்ஐ 21.2, அந்த வயசு கோடு 20.8, அப்ப எடை கூடுதல். அதையே ஷூவும் ஜடையும் சேத்து 147ன்னு எழுதினா 20.4 ஆயிடுது, நார்மல்னு எழுதிட்டு போயிடுவோம்.

அதனால ஷூ சாக்ஸ் கழட்டணும், ஜடைய அவுத்து கீழ விட சொல்லணும், பொண்ணுங்க மூஞ்ச சுளிக்கும், லேடி டீச்சர் ஒருத்தர் கூட இருந்து மறுபடி கட்டி விடுறேன்னு சொன்னா ஒத்துக்கும். மொத நாளே சொல்லி அனுப்புனா இன்னும் சுலபம், சாதா ஜடையா போட்டு வந்துடுவாங்க. செவுரு நேரா இருக்கணும், கீழ டைல்ஸ் பட்டி வெளிய நீட்டிட்டு இருக்குற செவுரு ஆகாது, குதிகால் ஒட்டாது. குதிகால், பின்புறம், தோள்பட்டை, தலை பின்பக்கம் இதெல்லாம் செவுத்த தொட்ட மாதிரி நிக்கணும், ரொம்ப எடை இருக்குற புள்ளைக்கு எல்லாம் ஒட்டாது, அவங்களுக்கு எது ஒட்டுதோ அத ஒட்டி நேரா நின்னா போதும். தலைய தூக்கவும் கூடாது குனியவும் கூடாது, கண்ணுக்கு கீழ இருக்குற எலும்பும் காதுக்கு முன்னாடி இருக்குற சின்ன மேடும் ஒரே மட்டத்துல வரணும். செங்கோணமா ஒரு பலகைய தலைல வெச்சு முடி அமுங்குற மாதிரி லேசா அழுத்தி, பலகை மட்டத்துக்கு நம்ம கண்ண கொண்டு போய் படிக்கணும், நின்ன எடத்துலேந்து மேலேந்து எட்டி பாக்க கூடாது. ரெண்டு தடவ எடுங்க, ரெண்டுக்கும் அரை சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது எடுங்க. காலைலயே எடுத்துடுங்க, சாயந்தரம் ஆக ஆக முதுகெலும்பு அமுங்கி உயரம் கொஞ்சம் கொறையும், எனக்கும் உங்களுக்கும் கூடத்தான்.

எங்க பக்கம் இன்னொன்னு கவனிக்கணும். தர்மபுரி கிருஷ்ணகிரில பல ஊர்ல போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்ததே அதுக்குத்தான். பல்லுல மஞ்சளா பழுப்பா கறை இருக்குற புள்ளைங்கள நெறைய பாக்கலாம், எங்கயாவது ஒன்னு ரெண்டு பேருக்கு முட்டி வளைஞ்சும் இருக்கும். கால் வளைஞ்சிருந்தா உயரம் கம்மியா காட்டும், பிஎம்ஐ ஏத்தி காட்டும். அந்த மாதிரி புள்ளைக்கு நம்பர நம்பாம பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி டாக்டர் கிட்ட விட்டுடுங்க.

எடைக்கு வருவோம். பாத்ரூம்ல வெக்கிற முள்ளு மிஷின் வேணவே வேணாம், டிஜிட்டல் வாங்குங்க, ஒன்னும் பெரிய காசு இல்ல. மண்ணுலயோ பாய் மேலயோ வெக்காதீங்க, கெட்டியான சமதரை வேணும். மிஷின் சரியா இருக்கான்னு பாக்க நான் பண்றது என்னன்னா, பிரிக்காத 10 கிலோ அரிசி மூட்டை சத்துணவு ரூம்லயோ கடைலயோ கெடைக்கும், அத வெச்சு பாப்பேன், அப்புறம் நானே ஏறி நின்னு, மூட்டைய தூக்கிட்டு ஏறி நின்னு வித்தியாசம் 10 காட்டுதான்னு பாப்பேன். அம்பது அறுபது புள்ளைங்க ஏறி இறங்கினதுக்கு அப்புறம் மறுபடி ஒரு தடவ. பெல்ட்டு, ஐடி கார்டு, ஷூ கழட்டிடணும், தேன்கனிக்கோட்டை ஓசூர் பக்கம் இருக்குறவங்க டிசம்பர் ஜனவரில எடுத்தா ஸ்வெட்டரும் கழட்டணும். பசங்க பாக்கெட்ட காலி பண்ண சொல்லுங்க, கோலிகுண்டு, பம்பரம், கல்லு, பாதி தின்ன மாங்கா எல்லாம் வரும்.

வயசு. இது சாதாரணமா தெரியும், ஆனா பத்து வயசு பையனுக்கு பருமன் கோடு 21.4, பதினொன்னுக்கு 22.5. பிஎம்ஐ 22 இருக்குற பையன் பத்து வயசுன்னா பருமன், பதினொன்னுன்னா வெறும் எடை கூடுதல். அதனால "அஞ்சாங்கிளாஸ்தான, பத்து வயசு"ன்னு போடாம பொறந்த தேதிலேந்து வருஷம் மாசம் கணக்கு போடணும். ஆதார்ல ஜனவரி 1னு இருந்தா கொஞ்சம் உஷாரா பொறப்பு சர்டிபிகேட்ட கேளுங்க, தேதி தெரியாம வருஷம் மட்டும் சொன்னவங்களுக்கு அப்படித்தான் பதிவாகியிருக்கும்.

இவ்ளோ ஒழுங்கா எடுத்தாலும் பிஎம்ஐக்கு சதை எது கொழுப்பு எதுன்னு தெரியாது. எங்க கபடி டீம்ல ஒரு பையன், ஒம்போதாம் கிளாஸ், பிஎம்ஐ போட்டா எடை கூடுதல்ல வரான், தொட்டு பாத்தா கல்லு மாதிரி இருக்கான். இதுக்கு நேரெதிரும் உண்டு, ஒல்லியா கை காலு குச்சி மாதிரி இருக்கும், வயிறு மட்டும் முன்னாடி வந்திருக்கும், பிஎம்ஐ நார்மல்னு சொல்லிடும். புனே டாக்டர் யாக்னிக் பத்தி படிச்சேன், அவரும் யுட்கின்னு ஒரு வெள்ளக்கார டாக்டரும் சேந்து 2004ல லான்செட்னு ஒரு மருத்துவ பத்திரிகைல ஒரு பக்கம் எழுதினாங்க, அந்த ரெண்டு டாக்டருங்களுக்குமே பிஎம்ஐ 22.3, ஆனா வெள்ளக்காரருக்கு ஒடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. பக்கத்துல பக்கத்துல நிக்குற போட்டோவும் இருக்கும், பாத்தா ரெண்டு பேரும் ஒல்லிதான். நம்ம ஒடம்பு வாகு அப்படி, பாக்க ஒல்லி உள்ள கொழுப்பு.

அதுக்குத்தான் இடுப்பு சுத்தளவு. இதுக்கு அட்டவணை கூட வேணாம், இடுப்பு உயரத்துல பாதிய தாண்ட கூடாது, அவ்ளோதான். இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அமைப்பு 2022ல அஞ்சு வயசுக்கு மேல இருக்குற புள்ளைங்களுக்கும் இதையே சொல்லிட்டாங்க, இடுப்ப உயரத்தால வகுத்தா 0.5லேந்து ஆபத்து கூடுது, 0.6 தாண்டினா ரொம்ப. நான் பண்றது இன்னும் சுலபம், தையல் கடைல வாங்குன நூல் கண்டு, புள்ள உயரத்துக்கு நூல வெட்டி, ரெண்டா மடிச்சு, இடுப்ப சுத்துறது. ரெண்டு முனையும் தொட்டா சரி. தொடாம நடுவுல எடைவெளி இருந்தா பாதிய தாண்டிடுச்சுன்னு அர்த்தம். நம்பரே கெடையாது, யாரும் கேக்கவும் முடியாது கேலி பண்ணவும் முடியாது. கபடி பையனுக்கு நூல் முனை ஒன்னுமேல ஒன்னு ஏறி நல்லா நாலு விரக்கடை மிச்சம் இருந்துச்சு, அவன் பிஎம்ஐய பத்தி கவலைப்பட ஒன்னும் இல்ல.

இடுப்புன்னா பேண்ட் கட்டுற எடம் இல்ல. கடைசி விலா எலும்புக்கும் பக்கவாட்டுல இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவுல, மூச்ச சாதாரணமா விட்டு முடிச்ச நேரத்துல. பசங்க வயித்த எக்கிக்குவாங்க, அதுவும் எட்டாம் கிளாஸ் தாண்டினா கண்டிப்பா எக்குவாங்க, அதனால நான் "நேத்து மேட்ச் பாத்தியா, யாரு ஜெயிச்சா"ன்னு எதாவது கேப்பேன், அவன் பதில் சொல்லும்போது வயிறு தானா விட்டுடும், அப்ப எடுப்பேன். பொண்ணுங்களுக்கு லேடி டீச்சர்தான், தனி ரூம்ல, மெல்லிசு துணி மேல. துணி டேப் வெச்சிருக்கீங்கன்னா அது இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்டீல் ஸ்கேலோட வெச்சு பாருங்க. அங்கன்வாடில சேப்பு மஞ்ச பச்சைல கை சுத்தளவு எடுக்குற டேப் இருக்கும் பாருங்க, அது அஞ்சு வயசு வரைக்கும் ஒல்லியா இருக்கான்னு பாக்கத்தான், அத வாங்கியாந்து ஆறாங்கிளாஸ் பையன் கைல சுத்தாதீங்க.

இப்ப எனக்கு ரொம்ப கோவம் வர்ற எடம். பெரும்பாலான ஸ்கூல்ல எடை எடுக்கும்போது ஒருத்தர் படிச்சு சொல்லுவாரு, ஒரு பையன் எழுதுவான், "நாப்பத்தெட்டு!"ன்னு கத்தினதும் கிளாஸே சிரிக்கும், அன்னிலேந்து அந்த பொண்ணுக்கு பேரே நாப்பத்தெட்டுதான். எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒன்னு அதுக்கப்புறம் எடை எடுக்குற நாள்னா லீவு போட்டுடும், காலைல சாப்புடாம வர ஆரம்பிச்சு பிரேயர்ல மயங்கி விழுந்துச்சு. இத விட எடையே எடுக்காம விட்டிருக்கலாம். எங்க ஸ்கூல்ல இப்ப ஸ்மார்ட் கிளாஸ் ரூம்ல ஒவ்வொருத்தரா உள்ள வரணும், வாய தொறந்து நம்பர் சொல்றதே கெடையாது, நானே எழுதுவேன் இல்ல லேடி டீச்சர் எழுதும், நோட்டு எங்க ரெண்டு பேரு கிட்டதான் இருக்கும். புள்ளையே கேட்டா மட்டும் அது காதுல சொல்லுவோம்.

அந்த நோட்டுல ஒல்லி பக்கமும் பாக்கணும், அத விட்டுடாதீங்க. 2016-18ல நாடு முழுக்க எடுத்த ஊட்டச்சத்து சர்வேல 10லேந்து 19 வயசு புள்ளைங்கள்ல நூத்துக்கு 24 பேரு வயசுக்கு ரொம்ப ஒல்லி, 5 பேருதான் எடை கூடுதல். எங்க கிளாஸ்லயும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. செங்கல் சூளைக்கு போற வீட்டு புள்ள ஒரு பக்கம், வேன்ல வந்து எறங்குற புள்ள ஒரு பக்கம்னு நெனைப்போம், அப்படியும் கரெக்டா பிரியாது. அப்பா அம்மா பெங்களூர் திருப்பூர்னு வேலைக்கு போயிட்டு ஆயா கிட்ட விட்ட புள்ளைங்க நெறைய இங்க, ஆயாவுக்கு பாசத்த காட்ட தெரிஞ்ச வழி காசு குடுக்குறது, பத்து ரூபா காசு, அதுல அஞ்சு ரூபாக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டு, மிச்சத்துக்கு கலர் ஜூஸ். மாங்கா வெளையுற ஊர்ல இருந்துகிட்டு புள்ள பாட்டில்ல மாங்கா ஜூஸ் குடிக்குது.

அப்படி ஒரு ஆயா கிட்டதான் பேச போனேன். "ஏஞ்சாமி, புள்ள இப்பதான் கொஞ்சம் தேறி வருது, நீ வேற கண்ணு வெக்காத"ன்னு மொதல்லயே சொல்லிடுச்சு. நான் எடைய பத்தியே பேசல. பையன் கழுத்துக்கு பின்னாடி கருப்பா, தோலு தடிச்சு வெல்வெட் துணி மாதிரி இருந்துச்சு, அத காட்டி இது என்ன ஆயான்னு கேட்டேன். "அழுக்கு சாமி, கடலமாவு போட்டு தேச்சு பாத்துட்டேன், பீர்க்கங்கா நாரு போட்டும் தேச்சிட்டேன், போவ மாட்டேங்குது"ன்னுச்சு. அது அழுக்கே இல்ல, ஒடம்புல இன்சுலின் சரியா வேல செய்யாம ரத்தத்துல ஜாஸ்தியா சுத்துறப்ப தோல் அப்படி ஆகும், தேச்சா போவாது, எடை எறங்கினா தானா வெளுக்கும். "சக்கரைக்கு மொத படி மாதிரி ஆயா"ன்னேன். பையனோட தாத்தாவுக்கு சக்கரைல கால் வெரல் எடுத்த வீடு அது, டக்குனு புரிஞ்சுகிச்சு. மறுவாரமே பையன ஜிஹெச்சுக்கு கூட்டிட்டு போச்சு.

அதுலேந்து நான் புடிச்சுகிட்டது, குண்டு, தொப்பை, டயட் இந்த மூணு வார்த்தையும் பேச்சுல வர கூடாது. வயசுக்கும் உயரத்துக்கும் எடை கொஞ்சம் முன்னாடி ஓடுதுன்னு சொன்னா அம்மாங்க உக்காந்து கேக்குறாங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்ல நாலு பேரு முன்னாடி சொல்லாதீங்க, ப்ராக்ரஸ் கார்டுல எழுதாதீங்க, சாயந்தரமா போன் பண்ணி பேசுங்க.

கேக்குற மொத கேள்வி "அப்ப சோத்த கொறைக்கட்டுமா சார்". வேணாம். வளர்ற புள்ளைக்கு பெரும்பாலும் எடைய எறக்கவே வேணாம், ஏறுறத நிறுத்தி வெச்சா உயரம் வந்து சரி பண்ணிடும். கணக்கா காட்டுறேன், பத்து வயசு, 140 சென்டிமீட்டர், 45 கிலோ, பிஎம்ஐ 23, பருமன். இதே பையன் வருஷத்துக்கு ஆறு சென்டிமீட்டர் வளந்து பன்னெண்டு வயசுல 152 ஆகும்போதும் 45 கிலோலயே இருந்தான்னா 19.5, அந்த வயசுக்கு எடை கூடுதல் கோடு 19.9, நார்மலுக்கு வந்துட்டான். ரெண்டு வருஷம் அப்படியே ஒரே எடைல நிக்குறது கஷ்டம்தான், ரெண்டு கிலோ ஏறினாலும் 20.3, பருமன்லேந்து எறங்கி கோட்டுக்கு பக்கத்துல வந்துடுவான். பேப்பர்ல இத போட்டு காட்டினா வீட்ல இருக்கற பயம் பாதி போயிடும். சத்துணவையும் முட்டையையும், சின்ன கிளாஸ்ல காலை உணவையும் நிறுத்த சொல்றவங்க இருக்காங்க, எடை ஏத்துறது அதெல்லாம் இல்ல. பாட்டில், பாக்கெட், பேக்கரி பப்ஸு, சாயந்தரம் டிவி முன்னாடி உக்காந்து திங்குற முறுக்கு மிச்சர், இத எடுத்துட்டா போதும். களி சாப்ட்டா எடை கொறையும்னு ஒரு நம்பிக்கை எங்க ஊர்ல, ராகி நல்லதுதான், அதுக்காக ரெண்டு உருண்டை கூட போட்டுக்கலாம்னு இல்ல.

ஹாஸ்டல் கதை தனி. பிளஸ் டூ மார்க்குக்காக சேத்து விடுற ஸ்கூல்ல இருந்தப்ப பாத்தேன், விடிகாலைலேந்து ராத்திரி வரைக்கும் ஸ்டடி, கிரவுண்டு காஞ்சு கெடக்கும், ஞாயித்துக்கெழம பாக்க வர்றவங்க பை நெறைய தீனி. ஜூன்ல வந்த பையன் பொங்கல் லீவுக்கு போகும்போது பேண்ட் பத்தாது. 5லேந்து 17 வயசுக்கு தெனம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குற மாதிரி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியடு, அதையும் பரிட்சை வந்தா மேக்ஸ் சார் கடன் வாங்கிடுவாரு, திருப்பி தந்ததா சரித்திரமே இல்ல.

பி.டி. மாஸ்டருங்களுக்கு ஒன்னு, எடை ஜாஸ்தி இருக்குற புள்ளைய தனியா நாலு ரவுண்டு ஓட விடாதீங்க. அவனுக்கு அது தண்டனைதான், கிரவுண்ட பாத்தாலே வெறுத்துடும். கபடில புடிக்குற எடத்துல நிக்க வைங்க, கயிறு இழுக்குறதுல கடைசி ஆளா போடுங்க, ஷாட்புட் எறிய சொல்லி குடுங்க, அவன் ஒடம்பு எங்க உதவுதோ அங்கேந்து ஆரம்பிச்சா மத்த ஆட்டத்துக்கும் தானா வருவான்.

கேட்டு வாசல் கடை பத்தி, 2020ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம், விதி போட்டிருக்கு, கொழுப்பு உப்பு சக்கரை ஜாஸ்தியான தீனிய ஸ்கூல் உள்ளயும் சுத்தி 50 மீட்டருக்குள்ளயும் விக்க கூடாதுன்னு. ஹெட்மாஸ்டர் எஸ்எம்சி, அதான் பள்ளி மேலாண்மை குழு, கூட்டத்துல எடுத்து பேசலாம், பேசினோம், கடக்காரர் பாட்டில உள்ள தள்ளி வெச்சிருக்காரு, முழுசா நிறுத்தல.

யார டாக்டர் கிட்ட அனுப்பணும்னா, பருமன் கோட்ட தாண்டினவங்க, நூல் பத்தாதவங்க, கழுத்து அக்குள் கருத்தவங்க, ராத்திரி கொறட்டை விட்டு கிளாஸ்ல தூங்குறவங்க, எடையோட முட்டியோ இடுப்போ வலிச்சு நொண்டுறவங்க, அப்புறம் மேல சொன்ன குட்டையா இருந்து எடை கூடினவங்க. கடைசி ரெண்டும் தள்ளி போட கூடாது. ஆர்பிஎஸ்கேன்னு புள்ளைங்கள பரிசோதிக்குற அரசு மருத்துவ டீம் ஸ்கூலுக்கு வரும்போது நோட்ட காட்டினா அவங்களே சீட்டு எழுதி குடுப்பாங்க, அவசரம்னா நேரா கிருஷ்ணகிரி இல்ல தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில குழந்தைங்க பிரிவு. மத்தவங்கள ஜூன்லயும் ஜனவரிலயும் அளந்தா போதும், மாசா மாசம் மிஷின்ல ஏத்தாதீங்க, அந்த வயசுல உயரம் ஒரு மாசம் நிக்கும் ஒரு மாசம் துள்ளும், பதினொன்னு பன்னெண்டுல பசங்க மொதல்ல பக்கவாட்டுல வளந்துட்டு அப்புறம் நீளுறதும் உண்டு. ஒரு தடவ எடுத்த நம்பர விட, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்த நாலு நம்பர் பக்கத்துல பக்கத்துல இருந்தா டாக்டரே சந்தோஷப்படுவாரு. அதனால அஞ்சாவது முடிச்சும் எட்டாவது முடிச்சும் வேற ஸ்கூலுக்கு போற புள்ளைங்களுக்கு டிசி குடுக்கும்போது அந்த பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து, கவர்ல போட்டு, அம்மா கைலயே குடுத்துடுங்க.